மார்ஷலின் புகழும் மனைவியின் மண்ணும்

வில்லியம் மார்ஷலைப் பற்றி எழுதப் புகுந்தோர் இரண்டு வாசகங்களை விடுவதில்லை. அவன் உலகின் தலைசிறந்த வீரன் என்பது ஒன்று. கையில் காசின்றி, ஒரு குதிரையும் ஓர் ஈட்டியுமாகப் புறப்பட்டுத் தன் தோள்வலியால் மட்டுமே இங்கிலாந்தை ஆளும் நிலைக்கு உயர்ந்தான் என்பது மற்றொன்று. முதல் வாசகத்தை 1984இல் ஜார்ஜ் துபி தம் பிரெஞ்சு நூலின் தலைப்பிலேயே வைத்தார். 2014இல் தாமஸ் ஆஸ்பிரிட்ஜும் தம் ஆங்கில நூலுக்கு ஏறக்குறைய அதையே பெயராக்கினார். அதன் மீது நமக்குப் பெரிய வழக்கு எதுவும் இல்லை. வாள் சுழற்றுவதில் யார் முதல், யார் இரண்டாவது என்று எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ப்புச் சொல்ல நம்மால் ஆகாது. நம் வழக்கு இரண்டாவது வாசகத்தோடுதான். அது பொய். பொய் என்பதோடு நில்லாமல், சிலருடைய பெயர்களை வேண்டுமென்றே அழித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் ஒருவனுடைய சிலையை நட்டுவைக்கும் பொய்.

பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மார்ஷல் ஏறத்தாழ 1147இல் பிறந்தவன். நார்மானியர் இங்கிலாந்தை வென்று எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கால்வாயின் இரு கரைகளிலும் நிலம் வைத்துக்கொண்டு பிரெஞ்சு பேசிய பிரபுக் குடும்பங்களின் காலம் அது. இரண்டாம் ஹென்றியின் மூத்த மகனான இளைய ஹென்றி, பின் தந்தையான இரண்டாம் ஹென்றி, பின் ரிச்சர்ட், ஜான், மூன்றாம் ஹென்றி என்று ஐந்து பேரிடம் பணி செய்தான். 1199இல் பெம்புரோக்கின் ஏர்ல் ஆனான். 1216இல் ஜான் இறந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனுக்காக நாட்டைக் காக்கும் பொறுப்பு எழுபதை எட்டிய இவனிடம் வந்தது. 1219 மே 14இல் தேம்ஸ் கரையிலுள்ள காவர்ஷாமில் இறந்தான். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டான். இவ்வளவிலும் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயம் எழுவது இந்த வாழ்க்கையை நமக்குச் சொன்னது யார் என்று கேட்கும்போதுதான். மார்ஷலின் இளமை குறித்து நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஒரே ஒரு நெடும்பாட்டிலிருந்து வருவது. எதுகைபட்ட ஈரடிகளில் அமைந்த 19,214 அடிகள். மொழி பழம் பிரெஞ்சு. ஜான் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் புலவன் 1220களின் நடுவில் பாடி முடித்தது. பாடச் சொன்னவன் மார்ஷலின் மூத்த மகன் இளைய வில்லியம். பொருளும் தகவலும் தந்து துணைநின்றவன் எர்லி ஊர் ஜான்; சிறுவயதில் மார்ஷலின் காப்பில் வளர்ந்து, அவன் கடைசி மூச்சுவரை உடனிருந்தவன். அதாவது வீட்டார் பணத்தில், வீட்டார் நினைவிலிருந்து, வீட்டார் கேட்டு மகிழப் பாடப்பட்ட பாட்டு. நம் பாடத்தில் இதற்கு மெய்க்கீர்த்தி என்று பெயர்.

இந்தப் பாட்டை உலகம் அறுநூறு ஆண்டுகள் மறந்திருந்தது. பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1861இல் லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் அதன் கையெழுத்துப் படியைக் கண்ணால் கண்டார். வாங்கியவர் தாமஸ் பிலிப்ஸ் என்ற பெருஞ்சேகரிப்பாளர். வாங்கியவர் பூட்டிவைத்தார், கண்டவர் இருபது ஆண்டுகள் அலைந்தார். 1881இல்தான் அந்தச் சுவடி மீண்டும் மேயர் கைக்கு எட்டிற்று. 1891க்கும் 1901க்கும் இடையில் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஒரு சுவடிக்காக ஒரு மனிதர் தம் வாழ்வின் இருபது ஆண்டுகளைக் காத்திருப்பில் கழித்தார் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு அரும்பாடுபட்டுக் கிடைத்த நூல் என்பதாலேயே அது சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. கண்டெடுத்த மகிழ்ச்சி ஒன்று, சாட்சியை விசாரிப்பது வேறொன்று.

விசாரிப்போம். ஒன்றுமில்லாதவன் என்கிறார்களே, அவன் யார் வீட்டுப் பிள்ளை? பாட்டன் கில்பர்ட் முதலாம் ஹென்றியின் அவையில் மார்ஷல். அந்தச் சொல்லின் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் குதிரைப் பணியாள் என்ற எளிய பொருளைத் தரும். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது அரண்மனையின் பரம்பரைப் பதவி. தந்தை ஜான் ஃபிட்ஸ்கில்பர்ட் மார்ல்பரோ கோட்டையைக் கையில் வைத்திருந்தவன். ஸ்டீபன் மன்னனுக்கும் பேரரசி மெட்டில்டாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் இரு பக்கமும் பார்த்து நடந்தவன். அண்டை நிலத்துச் சாலிஸ்பரி குடும்பத்தோடு பகை முற்றியபோது, முதல் மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் குடும்பத்துப் பெண்ணான சிபிலை மணந்து சமாதானம் செய்துகொண்டான். வில்லியம் அந்தச் சமாதான உடன்படிக்கையின் பிள்ளை. சிபில் வந்திராவிட்டால் இவன் பிறந்தே இரான் என்பது வெளிப்படை. சிபிலின் உறவினர் இல்லாவிட்டால் பிறந்தும் வளர்ந்திரான் என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை.

எல்லோரும் சொல்லும் கதை வேறு. 1152இல் ஸ்டீபன் நியூபரிக் கோட்டையை முற்றுகையிட்டான். ஜான் தவணை கேட்டு, ஐந்து வயதுப் பிள்ளை வில்லியமைப் பிணையாளாகக் கொடுத்தான். கிடைத்த தவணையில் கோட்டைக்குள் ஆளும் உணவும் சேர்த்தான். வாக்குப் பொய்த்தது. பிள்ளையைத் தூக்கிலிடுவோம் என்று சொல்லியனுப்பியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்யத் தன்னிடம் சம்மட்டியும் உண்டு பட்டடையும் உண்டு என்று பதில் வந்ததாம். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை. கூடாரத்தில் செடித்தண்டுகளை வீரர்களாக நிறுத்தி மன்னனும் பிள்ளையும் விளையாடியதாகப் பாட்டு சொல்கிறது.

கேட்பவர் உருகும் காட்சிதான். வேறெந்தச் சமகால ஏட்டிலும் இல்லாத காட்சி, நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு எழுபது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். கிழவன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையாக இருக்கலாம். அதில் சிறிதோ பெரிதோ உண்மையும் இருக்கலாம். நாம் கவனிப்பது அந்தப் பதிலை. சம்மட்டி யார், பட்டடை யார் என்பது எவருக்கும் விளங்கும். சம்மட்டி பேசிற்று, அதை இன்றளவும் வியந்து மேற்கோள் காட்டுகிறார்கள். பட்டடையை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிபில் அன்று என்ன சொன்னாள் என்று அடிக்கணக்கில் பாடிய புலவனும் சொல்லவில்லை, புத்தகக்கணக்கில் எழுதியவர்களும் கேட்கவில்லை.

இரண்டாம் தாரத்தின் இரண்டாம் மகனுக்குத் தந்தைவழி நிலம் இல்லை என்பது மெய்யே. அதனால்தான் தாய்வழி வேலை செய்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நார்மாண்டிக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவனை வளர்த்து, உணவளித்து, ஆயுதம் பழக்கி, 1166 அளவில் வீரப்பட்டமும் சூட்டியவன் டாங்கர்வில் பிரபு, நார்மாண்டியின் அரண்மனைப் பெரும்பணியாளன், தாயின் உறவினன். அங்கிருந்து வந்தபின் அவனைத் தன் படையில் சேர்த்துப் பொய்த்தோவுக்கு அழைத்துச் சென்றவன் சாலிஸ்பரி ஏர்ல் பாட்ரிக், தாய்மாமன். 1168இல் லூசிஞான் குடும்பத்தார் பதுங்கித் தாக்கியதில் பாட்ரிக் கொல்லப்பட்டான். மருமகன் தொடையில் காயம்பட்டுச் சிறைப்பட்டான். மீட்புப் பணம் கொடுத்து விடுவித்தவள் அரசி எலியனோர். அவளைச் சூழ்ந்து சென்றபோது நிகழ்ந்த தாக்குதல் அது. மாமனின் சாவுக்கும் மருமகனின் காயத்துக்கும் அவள் செலுத்திய கடன் அது. இரண்டாண்டில் அவளுடைய மகன் இளைய ஹென்றிக்குப் படைப்பயிற்சி ஆசான் ஆனான். தாய், தாயின் உறவினன், தாய்மாமன், மாமனின் அரசி. இந்த ஏணியின் படிகளை எண்ணிவிட்டுத் தோள்வலி பற்றிப் பேசுவோம்.

தோள்வலி இருந்தது. மறுப்பவர் இல்லை. அக்காலப் போட்டிப் போர்கள் இன்றைய திரைப்படங்களில் காட்டப்படும் ஒற்றைக்கு ஒற்றை விளையாட்டல்ல. ஊர்களுக்கிடையே வயல்வெளியெங்கும் பரவி நடக்கும் கூட்டுச் சண்டை. பிடிபட்டவன் குதிரையையும் கவசத்தையும் மீட்புப் பணத்தையும் இழப்பான். மார்ஷலும் ஒரு கூட்டாளியும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தோடு இறங்கிப் பத்து மாதங்களில் 103 வீரர்களைப் பிடித்ததாக, சமையற்கூட எழுத்தரின் கணக்கைச் சாட்சி காட்டிப் பாட்டு சொல்கிறது. வணிகம் என்றால் வணிகம். ஆனால் அப்படிச் சேர்த்த பணம் நிலமாகவில்லை. 1183இல் இளைய ஹென்றி இறந்து, அவனுடைய சிலுவை நேர்த்தியை நிறைவேற்றப் புனித பூமிக்குப் போய்த் திரும்பியபோது, நாற்பதை எட்டிய மார்ஷலுக்கு இருந்தது புகழ் மட்டுமே. உலகின் தலைசிறந்த ஈட்டி அவனுக்கு ஓர் ஏர்ல் பட்டத்தையும் வாங்கித் தரவில்லை. இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.

நிலம் எப்படி வந்தது? பெண்கள் வழியாக. ஒருத்தி அல்லள், மூவர் பெயர்கள் அந்தப் பேரத்தில் அடிபட்டன. முதலில் இரண்டாம் ஹென்றி கார்ட்மெல் என்ற நிலத்தைக் கொடுத்தான். கூடவே கெண்டல் நிலத்தின் வாரிசான ஹெலாய்ஸ் என்ற பெண்ணின் காப்புரிமையையும் கொடுத்தான். தந்தையில்லாப் பெண் மன்னன் கையில் சொத்து. காப்புரிமை பெற்றவன் தானே மணக்கலாம். மார்ஷல் அவளை மரியாதையோடு வைத்திருந்தான், மணக்கவில்லை என்று பாட்டு நெகிழ்கிறது. ஏன் மணக்கவில்லை? 1188இல் ஹென்றி மார்ஷலுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. நிக்கோலஸ் வின்சென்ட் என்ற வரலாற்றாசிரியர் 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். தந்தது சிறு நிலம் என்று நீ என்னிடம் எத்தனையோ முறை முறையிட்டிருக்கிறாய், இப்போது கிடைத்தவரை வீரர்களைத் திரட்டிக்கொண்டு வா, ஷாத்தோரூவை அதன் ஆட்சியுரிமையோடு தருகிறேன் என்னும் பொருள்பட மன்னன் எழுதுகிறான். ஷாத்தோரூ என்றால் அதன் வாரிசான தெனிஸ் என்ற பெண் என்று பொருள்.

பத்தொன்பதாயிரம் அடிகளில் எங்கும் கூலிக்கு முணுமுணுக்காத மார்ஷல், ஒரு கடிதத்தில் பிடிபட்டுவிட்டான். குடும்பத்தார் எழுதாத ஒரே ஒரு தாள் போதும், குடும்பத்தார் எழுதிய நூலின் வண்ணம் வெளுக்க. முறையிட்டதற்காக அவனை நாம் இகழவில்லை. முறையிட்டதை மறைத்து அவனை ஆசையற்ற முனிவனாக்கியவர்களைத்தான் கேட்கிறோம். ஹெலாய்ஸை மணக்காதது கண்ணியத்தால் என்று பாடுவதற்கு முன், அவளைவிடப் பெரிய வாரிசுக்காகக் காத்திருந்தான் என்பதையும் சேர்த்துப் பாடியிருக்கலாம்.

காத்திருப்பு வீண்போகவில்லை. ஷாத்தோரூ வாக்குறுதி மாறி அதனினும் பெரியதாயிற்று. லண்டன் கோட்டையில் மன்னனின் காவலில் பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். பெயர் இசபெல் த கிளேர். ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற ரிச்சர்ட் த கிளேரின் மகள். 1176இல் தந்தையும் பின் 1185இல் தம்பியும் இறக்க, மூன்று நாடுகளில் கிடந்த நிலங்களுக்கு ஒற்றை வாரிசானவள். ஹென்றி இறந்து சில வாரங்களில், 1189 ஆகஸ்டில், புதிய மன்னன் ரிச்சர்டின் ஒப்புதலோடு மார்ஷல் அவளை லண்டனில் மணந்தான். அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல். அவளுடைய சம்மதத்தைக் கேட்டதாக ஒரு செய்தியும் இல்லை.

அவளோடு வந்தவற்றைப் பார்ப்போம். வை நதிக்கரையில் செப்ஸ்டோ கோட்டையும் அதைச் சார்ந்த நிலங்களும். தென்மேற்கு வேல்ஸில் பெம்புரோக்கின் மீது உரிமை. பத்தாண்டு கழித்து அவன் ஏர்ல் ஆனது இதன் பேரில்தான். நார்மாண்டியில் லோங்வில், ஓர்பெக். இவையெல்லாவற்றுக்கும் மேலாக அயர்லாந்தில் லெய்ன்ஸ்டர், ஒரு நாடளவு பெரிய மாநிலம். ஒரே நாளில் குடிசைவாசி கோமகனான அதிசயத்துக்கு ஈட்டி காரணமா, இசபெல் காரணமா என்பதை ஒரு பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் நூல்களின் அட்டையில் ஈட்டிதான் இருக்கிறது.

இங்கே நம் கட்சிக்கே இடையூறான ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லெய்ன்ஸ்டர் இசபெல்லுக்கு எப்படி உரியதாயிற்று? அவளுடைய தாய் ஈஃபா, லெய்ன்ஸ்டர் மன்னன் டியர்மிட் மக்முரோவின் மகள். பகைவரால் துரத்தப்பட்ட டியர்மிட் கடல் கடந்து கூலிப்படை தேடினான். உதவிக்கு வந்த ஸ்ட்ராங்போவுக்கு மகளையும் தனக்குப் பின் ஆட்சியையும் தருவதாக வாக்களித்தான். 1170 ஆகஸ்டில் வாட்டர்ஃபோர்டு நகரம் இரத்தத்தில் கிடக்கையில் திருமணம் நடந்தது. ஐரிஷ் வழக்கப்படி அரசுரிமை மகள் வழியாக மருமகனுக்குப் போவதில்லை. ஆண்வழிச் சுற்றத்தாரிடமிருந்து ஒருவன் தேர்ந்தெடுக்கப்படுவான். ஆக, ஈஃபாவின் உரிமை என்பதே வென்றவர் தம் சட்டத்தால் சமைத்த உரிமை. டேனியல் மெக்ளீஸ் 1854இல் வரைந்த பேரோவியம் டப்ளினில் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்குகிறது; பிணங்களுக்கிடையில் தலைகுனிந்து நிற்கிறாள் மணமகள். நாம் இசபெல்லைப் பற்றிப் பேசுவது அவள் நிலம் தூய்மையானது என்பதற்காக அன்று. கொள்ளையோ கொடையோ, அது அவள் பெயரில் இருந்தது என்பதற்காக.

இதை மார்ஷலே அறிந்திருந்தான் என்பதுதான் நம் வாதத்தின் உயிர்நாடி. 1207ஆம் ஆண்டு. ஜான் மன்னனுக்கும் மார்ஷலுக்கும் உறவு கெட்டிருந்தது. அயர்லாந்தில் மன்னனின் ஆளுநனான மெய்லர் ஃபிட்ஸ்ஹென்றி லெய்ன்ஸ்டரைக் குறிவைத்திருந்தான். மன்னன் மார்ஷலை இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்தான். போனால் நிலம் போகும், போகாவிட்டால் துரோகி. கில்கென்னியில் தன் கீழுள்ள பிரபுக்களைக் கூட்டினான். கருவுற்றிருந்த இசபெல்லைக் கைப்பிடித்து அவைக்கு அழைத்துவந்தான். இவள் உங்களுக்குப் பிறப்பால் தலைவி, இந்த மண்ணை வென்று உங்களுக்குப் பங்கிட்டவனின் மகள், இவள் வழியாக அல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் இல்லை, நான் வரும்வரை இவளைக் காத்து நில்லுங்கள் என்ற கருத்துப்படப் பேசினான் என்கிறது அதே பாட்டு.

மகன் பணம் கொடுத்துப் பாடவைத்த நூலில், தந்தையின் வாயிலிருந்தே வரும் வாக்குமூலம் இது. இதற்குமேல் ஒரு சாட்சி எதற்கு? அவன் அவைநடுவே சொன்னதை அவனைப் போற்றுவோர் அடிக்குறிப்பில்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். மார்ஷல் கடல் கடந்தான். மெய்லரின் ஆட்கள் புதிதாக எழுந்த ராஸ் நகரைக் கொளுத்தினார்கள். தோள்வலியுள்ளவன் ஜானின் அவையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் ஆட்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஜான் சிரித்துக்கொண்டே பொய்ச்செய்தி சொன்னதும் அந்த அவையில்தான். அதே குளிரில் அயர்லாந்தில் இசபெல்லின் பிரபுக்கள் பெரும்பாலும் அவள் பக்கம் நின்றார்கள்; மெய்லர் தோற்றுப் பிடிபட்டான். லெய்ன்ஸ்டரைக் காத்த அந்தப் போரில் லெய்ன்ஸ்டரின் கோமகன் இல்லை. கோமகள் இருந்தாள்.

அக்காலத்தை அக்காலத்து அளவுகோலால் அளக்க வேண்டும், இன்றைய பெண்ணுரிமைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கலாகாது என்று ஒரு மறுப்பு உடனே வரும். முழுமனத்தோடு ஏற்கிறோம். அக்காலத்து அளவுகோல் என்ன? நிலம், குருதி உறவு, திருமணம், வாரிசு. நில அளவைக்குப் போனாலும் நீதிமன்றத்துக்குப் போனாலும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி இது யார் வழி வந்தது என்பதே. அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம். தனிமனித முயற்சி, சொந்தக் காலில் நிற்றல் என்ற பேச்செல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்திய கடைச்சரக்கு. யார் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். துபி இந்த வாழ்க்கை ஆண்களின் உலகம் என்று சொல்லிப் பெண்களை ஓரத்தில் நிறுத்துகிறார். அழகான உரைநடை, மரணப்படுக்கையிலிருந்து தொடங்கும் அந்த முதல் இயலை நாமும் வியந்து படித்தோம். ஆனால் பாட்டு எதைப் பாடியதோ அதையே உலகம் என்று கொள்வது, கணக்கப்பிள்ளை காட்டிய பக்கத்தை மட்டும் பார்த்துத் தணிக்கை முடிப்பதற்கு ஒப்பாகும். டேவிட் கிரவுச் பட்டயங்களைத் தேடித் தேடி 1990இல் எழுதிய வரலாறு இந்த வகையில் எவ்வளவோ மேல். அவர் மார்ஷலைக் கணக்குத் தெரிந்த அரண்மனை மனிதனாகப் பார்க்கிறார். பாட்டின் சொல்லைப் பட்டயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே ஏற்கிறார்.

நன்றிக்கும் வாய்மைக்கும் மார்ஷலை உவமை காட்டுவதும் இதே வகை. 1173இல் இளைய ஹென்றி தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தபோது இவன் மகன் பக்கம். 1204இல் நார்மாண்டி பிரெஞ்சு மன்னன் பிலிப்பின் கைக்குப் போனபோது, மற்றப் பிரபுக்கள் ஒரு கரையைத் தேர்ந்து மறு கரையை இழந்தார்கள். மார்ஷல் 500 மார்க் கொடுத்துத் தவணை வாங்கி, 1205இல் கடலுக்கு அப்பால் பிலிப்பே தன் தலைவன், இப்பால் ஜானே தலைவன் என்று இரண்டு கையாலும் சத்தியம் செய்து லோங்வில்லைக் காப்பாற்றினான். ஜான் வெகுண்டு அவனுடைய பிள்ளைகளைப் பிணையாளாகக் கேட்டான். மூத்தவனையும், 1207இல் அயர்லாந்துக்குப் போக அனுமதி பெறும்பொருட்டு இரண்டாமவனையும் கொடுத்தான். நியூபரியில் பிணையாளாக நின்ற பிள்ளை தகப்பனானபின் செய்தது இது. பாட்டு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதேயில்லை.

1215க்கு வருவோம். மாக்னா கார்ட்டாவைக் காக்க நியமிக்கப்பட்ட இருபத்தைவர் பட்டியலில் மூத்த மகன் இளைய வில்லியம் இருக்கிறான். மகள் மாடின் கணவன் ஹூ பிகாட் இருக்கிறான், அவன் தந்தையும் இருக்கிறான். தந்தை மார்ஷலோ ஜானின் பக்கம். 1216இல் பிரெஞ்சு இளவரசன் லூயி இங்கிலாந்தில் இறங்கியபோது மகன் அவனோடு சேர்ந்தான். தந்தை சிறுவன் ஹென்றியோடு. எவர் வென்றாலும் நிலம் வீட்டில் இருக்கும். 1217 வசந்தத்தில் மகன் திரும்பிவந்தான். மே 20இல் லிங்கனில் தந்தையும் மகனும் ஒன்றாகப் போரிட்டார்கள். எழுபது வயதுக்காரன் ஆர்வத்தில் தலைக்கவசத்தை மறந்து குதிரையைத் தட்டிவிட்டான் என்று பாட்டு சொல்லும் இடம் நமக்கு மிகவும் பிடித்தது. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்று சிறைப்பட்டவர்களுள் கில்பர்ட் த கிளேர் ஒருவன். அதே அக்டோபரில் அவனுக்கு மகள் இசபெல்லை மணமுடித்துக் கொடுத்தான். பகை, சிறை, சம்பந்தம், அவ்வளவும் ஆறு மாதத்துக்குள். இதைத் துரோகம் என்று நாம் சொல்லவில்லை. நாட்டை ஆற்றோடு போகாமல் நிறுத்தியது இந்த இல்லறக் கணக்குத்தான் என்றுகூடச் சொல்லலாம். மாக்னா கார்ட்டா 1216லும் 1217லும் திருத்தி மீண்டும் வெளியானது இவன் பொறுப்பில்தான்; ஜான் கைவிட்டு, போப்பாண்டவர் செல்லாதென்று அறிவித்த ஏட்டுக்கு உயிர் கொடுத்தது பெரிய செயலே. ஆனால் அதன் பெயர் ஒரு தலைவனுக்கு ஆயுள்வரை அடிமைப்பட்ட நன்றியன்று. குடும்ப நிர்வாகம்.

இவ்வளவு சொன்னபின் அந்தப் பாட்டைக் குப்பையில் போடச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதன் கடைசிப் பகுதியைப் படித்தவன் அதைக் கீழே வைக்க மாட்டான். காவர்ஷாமில் கிழவன் வாரக்கணக்கில் சாகிறான். டெம்பிள் சபையில் சேர்வதற்கென்று முன்னமே தைத்துவைத்திருந்த வெண்மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறான். இனி அவன் துறவி, மனைவியைத் தீண்டலாகாது. அதற்கு முன் இசபெல்லை அழைத்து இறுதியாக ஒரு முத்தம் கேட்கிறான்; இருவரும் அழுகிறார்கள், சூழ நின்றவர்களும் அழுகிறார்கள். வேறொரு நாள் பாட வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் வெட்கமாக இருக்கிறது என்கிறான், மகள்களை அழைக்கிறார்கள். மாட் தயங்கித் தயங்கிப் பாடுகிறாள். கடைக்குட்டி ஜோன் நாணத்தால் குரல் எழாமல் பாட, சாகக் கிடக்கும் தந்தை எப்படிப் பாட வேண்டும் என்று திருத்திக் கொடுக்கிறான். கூலிக்குப் பாடிய புலவன் கூலியை மறந்த இடங்கள் இவை. வீரன் மறைந்து வீடு தெரிவது இங்கேதான்.

அந்தப் படுக்கையிலேயே பங்கும் பிரிந்தது. மூத்தவனுக்குத் தாயின் பெருஞ்சொத்து தாய்க்குப் பின். இரண்டாமவன் ரிச்சர்டுக்கு நார்மாண்டி நிலம். ஐந்தாம் மகன் ஆன்செல்முக்கு ஒன்றுமில்லை, தன்னைப் போல் அவனும் உழைத்து முன்னேறட்டும் என்றான் தந்தை. எர்லி ஜான் குறுக்கிட்டு மன்றாடியபின் 140 பவுண்டு வருவாயுள்ள நிலம் கிடைத்தது. தன்னைப் போல் என்ற அந்தக் கட்டுக்கதையை மார்ஷலே ஒருகணம் நம்பிவிட்டான் போலும். மணமாகாத ஜோன் ஒருத்திதான் அவனுக்குக் கவலை. முப்பது பவுண்டு நிலமும் இருநூறு மார்க் பணமும் அவளுக்கு ஒதுக்கினான்.

இசபெல் மறு ஆண்டு, 1220இல், இறந்தாள். வேல்ஸில் டின்டர்ன் மடத்தில் அடக்கம் செய்தார்கள். புலவன் 1226 அளவில் பாடி முடித்தபோது ஐந்து ஆண் மக்களும் இருந்தார்கள். குலம் தழைக்கும் என்று வாழ்த்த அவனுக்குத் தடையில்லை. இளைய வில்லியம் 1231இல் பிள்ளையின்றி இறந்தான். ரிச்சர்ட் மன்னனை எதிர்த்து 1234இல் அயர்லாந்தில் கில்டேர் வெளியில் வெட்டுண்டு மாண்டான். கில்பர்ட் 1241இல் ஒரு போட்டிப் போரில் குதிரையால் இழுபட்டு இறந்தான். தந்தைக்குப் புகழ் தந்த அதே விளையாட்டு. வால்டரும் ஆன்செல்மும் 1245 இறுதியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் போனார்கள். ஐவருக்கும் பிள்ளையில்லை. பறித்த நிலத்துக்காக ஃபெர்ன்ஸ் ஆயர் இட்ட சாபம் என்று மத்தேயு பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்தார். சாபம் என்றால் ஆண்வழிக்குத்தான். மகள்கள் ஐவர் இருந்தார்கள், அவர்கள் மக்கள் இருந்தார்கள். 1246இல் மார்ஷல் பதவிக் கோல் மூத்தவள் மாடின் கையில் வந்தது; தன் பட்டயங்களில் இங்கிலாந்தின் மார்ஷல் என்று அவள் தன்னைக் குறித்துக்கொண்டாள். 1247இல் லெய்ன்ஸ்டர் ஐந்து கூறானது: கார்லோ மாட் வழிக்கு, கில்கென்னி இசபெல் வழிக்கு, கில்டேர் சிபில் வழிக்கு, டனமேஸ் ஈவ் வழிக்கு, வெக்ஸ்ஃபோர்டு ஜோன் வழிக்கு. இரண்டாமவள் இசபெல்லின் மகளுடைய பேரன்தான் பின்னாளில் ஸ்காட்லாந்தை ஆண்ட ராபர்ட் புரூஸ்.

பெம்புரோக் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முப்பது பவுண்டோடு விடப்பட்ட ஜோன் 1234இலேயே இறந்திருந்தாள். அவளுக்கு ஒரு மகள், அவள் பெயரும் ஜோன். மூன்றாம் ஹென்றி தன் மாற்றுடன்பிறப்பான வில்லியம் த வலென்ஸுக்கு 1247இல் அவளை மணமுடித்து வைத்தான். பெம்புரோக் கோட்டை அவளோடு சென்றது.